கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவள்

"கொலைகாரன் யார் என்று பாதிப் புத்தகத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இத்தனை பக்கம் எதற்கு?" என்று கேட்டார் வங்கியில் ஓய்வு பெற்ற அண்ணன். கேட்டுவிட்டுப் புத்தகத்தை மேசைமேல் குப்புற வைத்தார். எங்கள் வாசகர் வட்டத்துக்கு அன்று வந்திருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் பதிலும் சரியாகச் சொல்லவில்லை. கோபம் வந்தால் எனக்கு வார்த்தை தடுமாறும். இரண்டு நாள் ஆறப்போட்டு, புத்தகத்தை மறுபடியும் புரட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'டெத் ஆஃப் எ ரெட் ஹீரோயின்', அதாவது ஒரு சிவப்பு வீராங்கனையின் மரணம். எழுதியவர் சியூ ஷியாவ்லோங். 1953-இல் ஷாங்காயில் பிறந்தவர். 1988-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்குப் படிக்கப் போனார். மறு ஆண்டு பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தி ஒடுக்கிய பிறகு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். எலியட்டின் கவிதைகளைச் சீனத்துக்குக் கொண்டுபோனவர். இந்த நாவலைத் தாய்மொழியில் எழுதாமல் நேரே ஆங்கிலத்தில் எழுதினார். 2000-இல் வந்தது. அடுத்த ஆண்டு சிறந்த முதல் நாவலுக்கான ஆன்டனி விருது, துப்பறியும் கதைகளுக்குத் தரப்படுவது, இதற்குக் கிடைத்தது. அதன் பிறகு இதே துப்பறிவாளரை வைத்து ஒரு வரிசையே எழுதிவிட்டார்.

கதை 1990 மே மாதம் தொடங்குகிறது. ஷாங்காய் நகருக்கு வெளியே ஒதுக்குப்புறமான ஒரு கால்வாய். ரோந்துப் படகின் தலைவர் பள்ளிக்கூடத்து நண்பனோடு மீன்பிடிக்கப் போன இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை தட்டுப்படுகிறது. உள்ளே ஒரு பெண்ணின் உடல். உடுப்பு இல்லை, அடையாளம் சொல்ல ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் நகரத்துக்குள் தலைமை ஆய்வாளர் சென் சாவ், தனக்குப் புதிதாக ஒதுக்கப்பட்ட வீட்டில் நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறார். செத்துப்போனவள் யார் என்று பிறகுதான் தெரிகிறது. குவான் ஹோங்யிங். நான்ஜிங் சாலையில் இருக்கும் ஷாங்காய் முதலாம் பல்பொருள் அங்காடியில் ஒப்பனைப் பொருள் விற்றவள். நாடறிந்த 'தேசிய மாதிரித் தொழிலாளி'. ஹோங் என்றால் சிவப்பு, யிங் என்றால் வீரம். தலைப்பில் இருப்பது அவளுடைய பெயரேதான்.

இந்த இடத்துக்கு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் ஒரு துணிக்கடையில் இருபத்தாறு ஆண்டுகள் நின்றவள். வேலை பார்த்தவள் என்று எழுதலாம். ஆனால் நின்றவள் என்பதுதான் சரி. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை, சாப்பாட்டு நேரம் தவிர, நின்றேன். அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியதும் அந்த நிற்பின் நடுவில்தான். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல். அதற்கு முன்பே என் முழங்கால் போய்விட்டது. அதனால், துப்பறியும் நாவல் ஒன்றில் கொலையுண்டவள் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவள் என்று படித்ததும் நான் அந்த ஆய்வாளரை விட்டுவிட்டேன். அவளைத்தான் தேடிக்கொண்டு போனேன். நானூறு பக்கத்துக்கு மேல் ஓடும் இந்தப் புத்தகத்தை அப்படிப் படித்தால்தான் அதன் பலம் தெரியும் என்பது என் எண்ணம்.

மாதிரித் தொழிலாளி என்றால் என்ன என்று எங்கள் வட்டத்தில் பலருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நம் அலுவலகங்களில் ஆண்டு விழாவில் ஒரு கேடயம் கொடுத்து அனுப்புகிறார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். அது வேறு. சீனத்தில் 1949-க்குப் பிறகு, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியே தேர்ந்தெடுத்து, பத்திரிகையில் படம் போட்டு, மேடையேற்றி, 'இவரைப் பார்த்து எல்லோரும் நடந்துகொள்ளுங்கள்' என்று நாட்டுக்கே காட்டும் ஏற்பாடு. 1963-இல் மாவோ, லெய் ஃபெங் என்ற இளம் சிப்பாயைக் காட்டி 'இவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்' என்று அழைத்தாரே, அந்தப் பரம்பரையில் வந்தவள் குவான். லெய் ஃபெங் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். இறந்தவரை முன்மாதிரியாக வைப்பது எளிது. அவர் இனி தப்புச் செய்ய முடியாது. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை அந்தப் பீடத்தில் ஏற்றினால் அவள் தினம் தினம் அந்தப் படத்துக்கு ஏற்றபடி வாழ வேண்டும்.

எனக்கு இது கொஞ்சம் தெரியும். எங்கள் கடையில் நுழைந்ததும் பில் போடும் இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த விற்பனையாளர் படம் அதில் இருக்கும். மூன்று ஆண்டுகள் அதில் என் படம் இருந்தது. சட்டத்தின் ஓரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் பூமாலை ஒன்று. தூசி படிந்தால் நானே துடைப்பேன். படம் ஏறிய நாளிலிருந்து நான் ரேக்கில் சாய்ந்து நின்றதில்லை. புடவை விரித்துக் காட்டி, நாற்பது புடவை பார்த்து, ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் சிரித்தேன். ஒருநாள் கடை முடிந்து, தெரிந்தவர் ஒருவருடன் சினிமா கொட்டகை வாசலில் நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் மேலாளர் ஒன்றும் திட்டவில்லை. "உன் படம் மேலே இருக்கிறது, அம்மா, பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தெரிந்தவரை நான் பார்க்கவில்லை. இதற்குமேல் அதைப்பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் குவானின் கதையில் ஓர் இடம் வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு ஒரு பொறியாளருடன் பழக்கம் இருந்திருக்கிறது. அந்த மனிதரின் அரசியல் பின்னணி கட்சிக்குப் பிடிக்கவில்லை. காவலர்கள் அவரைச் சந்தேகப்பட்டு விசாரிக்கும்போது, அவள் ஏன் விலகிப் போனாள் என்று அவர் சொல்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மடித்து வைத்தேன். இரண்டு நாள் தொடவில்லை.

அங்காடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சாதாரணக் கடை அன்று. 1936-இல் வேறு பெயரில் திறந்தபோது மக்கள் தானியங்கிப் படிக்கட்டைப் பார்ப்பதற்காகவே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சீனாவில் ஒரு கடைக்குள் அப்படியொரு படிக்கட்டு ஓடியது அதுதான் முதல் முறை. பிறகு அரசின் கைக்கு வந்து 'முதலாம்' என்ற பட்டத்தோடு நாடெங்கும் பெயர் பெற்றது. அப்படிப்பட்ட இடத்தில், அதுவும் ஒப்பனைப் பிரிவில், குவானைக் கொண்டுபோய் நிறுத்துகிறார் நாவலாசிரியர். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில், 1966 முதல் 1976 வரை, உதட்டுச் சாயம் பூசினால் முதலாளித்துவக் கேடு என்று தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். அந்தச் சாயத்தை 1990-இல் அதே கட்சியின் முன்மாதிரிப் பெண் ஊராருக்கு எடுத்துக் கொடுக்கிறாள். தான் மட்டும் எளிமையாக இருக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததிலேயே ஆசிரியர் பாதி நாவலை எழுதிவிட்டார் என்பேன். அவள் இரும்பாலையில் வேலை பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை.

இனி, அண்ணன் கேட்ட கேள்வி. கொலைகாரன் யார் என்று பாதியிலேயே தெரிகிறது, உண்மை. அதை ஆசிரியர் ஒளிக்கவும் இல்லை. பிரேதப் பரிசோதனையில் குவானின் வயிற்றில் கேவியர், அதாவது மீன் சினை, இருந்தது தெரியவருகிறது. 1990-இல் ஷாங்காயில் ஒரு கடைப் பணிப்பெண் கேவியர் சாப்பிட வேண்டுமென்றால் யார் வீட்டில் சாப்பிட்டிருக்க முடியும்? உயர்நிலைக் கட்சி அதிகாரிகளின் வீட்டில். அந்த ஒரு கவளம் விசாரணையை உயர்நிலை அதிகாரி ஒருவரின் மகனிடம், ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரனிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்குப் பிறகு கேள்வி 'யார்' என்பது இல்லை. 'அவன்மேல் கை வைக்க விடுவார்களா' என்பதுதான். எங்கள் வட்டத்தில் காவல் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். அவர் அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும் அண்ணனைப் பார்த்து, "யார் செய்தான் என்பது எங்களுக்கும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், ஐயா. மீதியெல்லாம் அதற்குப் பிறகுதான்" என்றார். நான் சொல்ல வந்து தடுமாறியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த 'மீதி'யைப் புரிந்துகொள்ள ஆண்டு முக்கியம். 1990 மே என்றால் தியானன்மென் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மக்களிடம் கட்சியின் பெயர் கெட்டுக் கிடக்கிறது. உயர் அதிகாரிகளின் பிள்ளைகள் பதவியையும் பணத்தையும் வாரிக்கொள்கிறார்கள் என்ற ஆத்திரம் அந்தப் போராட்டத்திலேயே முழக்கமாக ஒலித்தது. அந்த நேரத்தில், ஓர் உயர் அதிகாரியின் மகன் ஒரு மாதிரித் தொழிலாளியைக் கொன்றான் என்று வெளியே வந்தால் என்னாகும்? இரண்டு பக்கமும் கட்சிக்கு அவமானம். இன்னொரு பக்கம் நகரமே மாறப்போகிறது. ஷாங்காயில் ஓடும் ஹுவாங்பு ஆற்றின் கிழக்குக் கரையான புடோங்கை வளர்க்கப்போவதாக அரசு அறிவித்தது அதே ஆண்டு ஏப்ரலில். கதையில் உடல் கிடைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான். இன்று படத்தில் காண்கிற அந்தக் கோபுரங்கள் ஒன்றுகூட அன்றைக்கு இல்லை. பங்குச் சந்தை அந்த ஆண்டு டிசம்பரில்தான் மறுபடி திறந்தது. பழையது சாகவில்லை, புதியது பிறக்கவில்லை; நடுவில் குவான் நின்றுகொண்டிருக்கிறாள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். "கேமரா இல்லை, செல்போன் பதிவு இல்லை, இது எப்படித் துப்பறிவது ஆகும்?" என்று கேட்டார். அவர் கவனிக்காமல் விட்ட ஓர் அருமையான இடம் இருக்கிறது. குவான் தங்கியிருந்தது ஒரு சந்துக்குள், பணியாளர் விடுதியில், ஒற்றை அறை. வீட்டில் தொலைபேசி கிடையாது. அந்தக் காலத்து ஷாங்காயில் சந்துக்கு ஒரு பொதுத் தொலைபேசி நிலையம் இருந்தது. யாராவது அழைத்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர் பெயரையும் எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, வீட்டு வாசலுக்கே வந்து குரல் கொடுப்பார். நாம் போய்த் திரும்ப அழைத்து, அதற்குக் காசு கொடுக்க வேண்டும். குவானின் சந்தில் அந்த வேலை பார்க்கும் பெரியவர் பழைய சீட்டுகளின் அடிக்கட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இரவு நேரத்தில் மறுபடி மறுபடி ஒரே எண். செல்போன் பதிவு இதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? கட்டுக்கட்டாக அந்தச் சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் காட்சியில் எனக்குக் கடையின் பில் புத்தகம் ஞாபகம் வந்தது. கார்பன் தாள் வைத்து எழுதிய நகல்களை நாங்களும் அப்படித்தான் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்போம். ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் அப்படி நகல் கட்டுகளில் கிடக்கிறது என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அவள் அறையில் கிடைக்கும் புகைப்பட ஆல்பமும் அப்படிப்பட்ட இடம். முன்பக்கங்களில் கூட்டம், மேடை, தலைவர்களோடு வரிசையாக நின்ற படங்கள். பின்னால் போனால் மலையும் மேகமும் தெரியும் வேறு படங்கள், வேறு முகம். எடுத்தவர் யார் என்று ஆய்வாளர் யோசிக்கிறார். ஆல்பத்தில் இருப்பவளை எல்லோரும் பார்க்கிறோம். கேமராவுக்குப் பின்னால் நின்றவனைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதுதான் துப்பு. பத்திரிகைக்காகப் படம் எடுக்க வந்தவனின் கண்ணுக்கு அவள் முன்மாதிரியாகவும் தெரிந்தாள், பெண்ணாகவும் தெரிந்தாள். இரண்டாவது விதமாக அவளை அதற்குமுன் பல ஆண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. அதில்தான் விழுந்தாள். இதற்காக அவளைக் குறை சொன்னார் எங்கள் வட்டத்து ஆசிரியை ஒருவர்: "திருமணமானவன் என்று தெரிந்தும் போனாளே." போனாள். அந்த அறையில் பத்தாண்டு தனியாக இருந்து பார்த்தவர்கள் அதைச் சொல்லட்டும்.

வீடு என்ற விஷயத்தில் இந்த நாவல் மிகவும் நேர்மையானது. தொடக்கத்தில் வரும் விருந்தைப் படித்துவிட்டு, 'ஒரு படுக்கையறை வீட்டுக்கா இத்தனை கொண்டாட்டம்' என்று பலருக்குத் தோன்றும். அன்றைய சீனத்தில் வீட்டை வாங்க முடியாது. வேலை பார்க்கும் அலுவலகம் ஒதுக்கித் தர வேண்டும். வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பார்கள். சென்னுக்கு முப்பதுகளின் நடுவிலேயே, அதுவும் தனியாளுக்கு, வீடு கிடைத்துவிட்டது. அவரிடம் வேலை பார்க்கும் துப்பறிவாளர் யூ குவாங்மிங், மனைவி, மகனுடன் தன் தகப்பனாரின் பழைய வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிறார். யூவுக்கு மேலதிகாரியைப் பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இருவரும் எதிரிகளாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்குவதை ஆசிரியர் அவசரப்படாமல் காட்டுகிறார். அதில் யூவின் மனைவி பெய்ச்சினுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெய்ச்சினைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. உணவகத்தில் கணக்கு எழுதும் பெண். இளவயதில் யூவும் அவளும் யுன்னான் மாகாணத்து எல்லைக் காட்டுப் பகுதிக்கு அனுப்பப்பட்டவர்கள். படித்த நகரத்து இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் விவசாயிகளிடம் பாடம் கற்க வேண்டும் என்று மாவோ சொன்னதன்பேரில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களை அப்படி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்குப் படிப்பும் இல்லை, வீடும் இல்லை. பெய்ச்சினுக்கு மிஞ்சியது 'சிவப்பு மாடத்தின் கனவு' என்ற பழைய சீன நாவல்மேல் வைத்த ஆசை மட்டும். அந்த நாவலில் வரும் தோட்டத்தைப்போல ஷாங்காய்க்கு வெளியே ஒரு பூங்கா கட்டியிருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் கணவன் அவளையும் மகனையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தப் பூங்கா உடல் கிடைத்த கால்வாய்ப் பக்கத்தில் இருக்கிறது. யூவுக்கு அங்கே விசாரிக்க வேண்டிய வேலையும் இருக்கிறது. அது அவளுக்குப் புரிந்தும் அவள் சண்டை போடவில்லை. ஒரு குடும்பம் எப்படி ஓடுகிறது என்று அந்த அத்தியாயம் ஒன்றே போதும். வழக்கில் அவள் பிறகு கைகொடுப்பது எனக்கு மிகவும் பிடித்தது. மேலதிகாரிகள் ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, செத்துப்போனவளை ஒரு பெண்ணாக நினைத்துப் பார்ப்பவள் பெய்ச்சின்.

குறைகளும் சொல்ல வேண்டும். சென் கவிஞர். நல்லது. ஆனால் ஒரு தெருவைக் கடக்கும்போது தாங் அரச மரபுக் காலத்துப் பழைய சீனக் கவிதை ஒன்று, தேநீர் குடிக்கும்போது இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தால் நடை தளர்கிறது. கல்லூரியில் பாடம் நடத்தும் தங்கை ஒருவர், "கவிதைகள்தான் எனக்குப் புத்தகம், கொலை எனக்குத் தேவையில்லை" என்றார். எனக்கு அப்படியில்லை. சில இடங்களில் அந்தக் கவிதை வரிகள் சென் சொல்ல முடியாததைச் சொல்கின்றன. பல இடங்களில் அவை அலங்காரம். சீனத்தை அறியாத அமெரிக்க வாசகருக்காக ஒவ்வொரு வழக்கத்தையும் நிறுத்தி விளக்குவதும் உறுத்துகிறது. இரண்டு சீனர்கள் தங்களுக்குள் பேசும்போது தங்கள் ஊர் வழக்கத்தை ஒருவருக்கொருவர் எதற்காக விளக்க வேண்டும்? சென் துப்புத் தேடி குவாங்சோ நகருக்குப் போகும் பகுதியும் தேவைக்குமேல் நீள்கிறது. பெண்கள் கதைக்குள் வந்ததுமே அவர்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள், எவ்வளவு அழகு என்று எழுதுவது எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆண் எழுத்தாளர்கள் பலரிடம் இது உண்டு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று. குவான் வேலை பார்ப்பதை எனக்குக் காட்டவே இல்லை. அங்காடியின் பொது மேலாளர் சொல்கிறார், உடன் வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள், விடுதிக்காரர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்லித்தான் அவள் நமக்குத் தெரிகிறாள். கொலையுண்டவள் பற்றி விசாரணை வழியாகத்தானே தெரிய முடியும் என்று கேட்கலாம். சரிதான். ஆனாலும் ஒரே ஒரு வாடிக்கையாளர், அவளிடம் முகப்பூச்சு வாங்கியவர், 'அந்தப் பெண் டப்பாவைத் திறந்து தன் புறங்கையில் தடவிக் காட்டினாள்' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எங்கள் வேலையில் அதுதான் முக்கியம். பட்டுப் புடவையை நான் தோளில் போட்டுக் காட்டும்போது வாங்க வந்தவள் என்னைப் பார்க்க மாட்டாள், தன்னைப் பார்ப்பாள். என் தோள் அவளுடைய தோள் ஆகிவிடும். அந்தக் கணத்தைத் தெரிந்தவர்தான் குவானின் ஆசையை முழுதாக எழுத முடியும். அழகை நாள் முழுதும் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் கையைக் கழுவிக்கொண்டு ஒற்றை அறைக்குத் திரும்புவது என்றால் என்ன என்று ஆசிரியர் கிட்டத்தட்ட தொட்டுவிட்டு, ஏனோ விலகிப் போய்விடுகிறார்.

முடிவை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். குற்றவாளி தண்டிக்கப்படுகிறான். அண்ணனுக்கு அதுவும் குறை: "எல்லாம் கடைசியில் தானாகவே சரியாகிவிட்டது." சரியாகவில்லை. அவன் தண்டிக்கப்பட்டது குவானுக்காக இல்லை. மேல்மட்டத்தில் காற்று திசை மாறியது. மேற்கத்திய முதலாளித்துவச் சீரழிவுக்கு ஓர் உதாரணம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அவன் வாய்த்தான். காற்று வேறு பக்கம் வீசியிருந்தால் அவன் இன்னும் பெரிய பதவிக்குப் போயிருப்பான். சென் அதை அறிவார். தான் நியாயத்துக்காகப் பாடுபட்டதும், தன்னை ஒரு கருவியாகப் பயன்படுத்திக்கொண்டதும் ஒன்றாகவே நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிகிறது. குவானை உயிரோடு இருந்தபோது ஒரு பாடத்துக்காக மேடையேற்றினார்கள். செத்த பிறகு வேறொரு பாடத்துக்காக அவள் வழக்கை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு முறையும் அவளை யாரும் கேட்கவில்லை. இதைப் படித்து எனக்கு வந்த கோபம்தான் அன்று கூட்டத்தில் என் நாக்கைக் கட்டிப்போட்டது.

இந்த நாவலின் சீன மொழிபெயர்ப்பு வந்தபோது அதில் ஷாங்காய் என்ற பெயரே இருக்கவில்லை. 'எச் நகரம்' என்று மாற்றிவிட்டார்கள். இப்படிப்பட்ட சம்பவம் ஷாங்காயில் நடந்திருக்க முடியாது என்பதுதான் காரணம் என்று ஆசிரியரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தெருக்களின் பெயர்களைக்கூட மாற்ற வேண்டியிருந்ததாம். நான்ஜிங் சாலை இல்லாமல், அந்தச் சந்து இல்லாமல், குவான் எங்கே நிற்பாள்? தொலைபேசி நிலையத்துப் பெரியவர் எந்த வாசலில் போய்க் குரல் கொடுப்பார்?

வாங்கிப் படிக்கலாமா என்று கேட்டால், படியுங்கள் என்பேன். விறுவிறுப்பான துப்பறியும் கதை வேண்டும் என்று ஒரே இரவில் முடிக்க உட்காராதீர்கள். முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும். ஆங்கிலம் கடினமில்லை, ஆட்களின் பெயர்கள்தான் குழப்பும். நான் பின் அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டேன், குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதையும் சேர்த்து.

நேற்று மாலை வங்கி அண்ணன் வீட்டுக்கு வந்தார். தன் பிரதியை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், கால்வாய்க்கரை அத்தியாயத்திலிருந்து மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றும் சொல்லி என் பிரதியை வாங்கிக்கொண்டு போனார். பக்கங்களின் ஓரத்தில் நான் போட்டிருக்கும் பென்சில் கோடுகளை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.